ஆறு வருட மைக்ரோவேவும் அரைகுறை அப்பளமும்

2019-ல் ஈரோட்டில் வாங்கிய 20 லிட்டர் ஓவன். பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் ஆறு வருடமாக ஓடுகிறது. கேக் சுடப்போவதாகச் சொல்லித்தான் வாங்கினேன். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை, மிச்சமான அரிசிம்பருப்புச் சாப்பாட்டைச் சூடு பண்ணத்தான் ஆகிறது.

மூன்றாம் வருடம் கண்ணாடித் தட்டு சுற்றுவது நின்றது. "ஸ்பேர் வரட்டுங்க" என்றே ஒன்றரை மாதம் இழுத்தார்கள். தட்டு அழகுக்குத்தானே என்று அப்படியே ஓட்டினேன். சோறு ஒரு இடத்தில் நாக்கைச் சுட்டது, ரெண்டு விரல் தள்ளி ஃபிரிட்ஜ் சில்லிப்பு அப்படியே இருந்தது.

சந்தேகத்தில் ஒரு நாள் பச்சை அப்பளங்களை நெருக்கிப் பரப்பி அரை நிமிடம் வைத்தேன். திட்டுத் திட்டாக வெளுத்துப் பொரிந்திருந்தது, நடுநடுவே மஞ்சளாகப் பச்சை அப்பளம். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் திட்டுக்குத் திட்டு ஏறக்குறைய 6 செ.மீ. அலை உலோகச் சுவரில் மோதித் திரும்பி, போகிறதும் வருகிறதும் சேர்ந்து ஒரே இடத்தில் நின்று ஆடுகிறது. துள்ளுகிற இடம் வேகும், அடங்குகிற இடம் வேகாது. ரெண்டு துள்ளலுக்கு நடுவே அரை அலைநீளம், அப்படியானால் முழுசு 12 செ.மீ. பின்பக்க ஸ்டிக்கரில் 2450 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலை விநாடிக்கு 245 கோடி தடவை ஆடுகிறது. ரெண்டையும் பெருக்கினால் அலையின் வேகம், விநாடிக்கு 2,94,000 கி.மீ. இந்த அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும், அது 2,99,792! (விடை முன்பே தெரியும் என்பதால் ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேனோ என்னவோ.)

அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) வேறு கவலை. "ஏங்கண்ணு, கதவெல்லாம் ஓட்டையா இருக்குதே, அது வெளிய வந்துராதா?" அந்தச் சல்லடை ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், 12 செ.மீ. அலைக்கு அது சுவர் மாதிரி. வெளிச்சத்தின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால்தான் உள்ளே சோறு தெரிகிறது. "கொசுவலை மாதிரிங்க அமுச்சி, காத்து வரும், கொசு வராது" என்றேன். தலையாட்டினார். ஆனாலும் பட்டனை அமுக்கினால் திண்ணைக்குப் போய்விடுவார்.

கசிவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓவன் ஓடும்போது பக்கத்தில் வைஃபை திணறும், ரெண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே புழங்குவதால். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், தொல்லை போயிற்று. அந்த 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கல்சுவர் தாண்டித் திண்ணைக்கு எட்டவில்லை என்பது வேறு கதை.

தட்டு மோட்டார் மாற்றி மூன்று வருடம் ஆகிறது, செலவு அது ஒன்றுதான். கிணற்று மோட்டார் ஓடும் நேரம் மட்டும் வோல்டேஜ் இறங்கி, ரெண்டு நிமிடச் சூட்டுக்கு மூன்று நிமிடம் பிடிக்கிறது.