மழைக்கு மறுநாள் எண்ண முடிகிறதா: வடிகட்டிச் சவ்வும் குழித்தட்டும்

நகரத்தின் கழிவுநீர் கலக்கும் ஓர் ஆற்றையும், அது கடலில் சேரும் முகத்துவாரத்தையும், அதையொட்டிய கரையையும் வாரந்தோறும் சோதிக்கும் சிறு குழு ஒன்றில் நான் பணியாற்றுகிறேன். பன்னிரண்டு இடங்களில் நீர் எடுக்கிறோம். பல ஆண்டுகளாகச் சவ்வு வடிகட்டல் முறையில் எண்ணி வந்த நாங்கள், நொதிவினையை அடிப்படையாகக் கொண்ட குழித்தட்டு முறைக்கு மாறினோம். மாறுவதற்கு முன் இரண்டையும் சில மாதங்கள் அருகருகே நடத்திப் பார்த்தோம். முடிவெடுத்த பிறகு எழுதுவதால் இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மலக்கலப்புக்கு அறிகுறியாக எந்தக் குடல் பாக்டீரியாவை எண்ணுவது என்பதில் பெரிய வாதம் எழவில்லை. நன்னீரில் ஈ.கோலை, உப்புநீரில் என்டெரோகாக்கஸ் என்பதே பரவலான நடைமுறை. என்டெரோகாக்கஸ் உப்பை அதிக நேரம் தாங்கும் என்பது அதற்கு ஒரு காரணம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012ஆம் ஆண்டு அளவுகோல், குளிக்கும் நீரில் 100 மி.லி.க்குப் பெருக்குச் சராசரியாக (எண்களைக் கூட்டாமல் பெருக்கி, மூலம் எடுத்துக் காணும் சராசரி) ஈ.கோலை 126, என்டெரோகாக்கஸ் 35 என வரம்பு வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறை, கடற்கரை நீர் 'மிகச் சிறப்பு' என்ற தரத்தைப் பெற ஈ.கோலை 250, என்டெரோகாக்கஸ் 100 என்ற எல்லைகளை 95ஆம் சதமானத்தில் (நூறு மாதிரிகளில் 95 அதற்குள் அடங்கும் மதிப்பில்) வைத்து மதிப்பிடுகிறது. ஆறு, முகத்துவாரம், கடல் மூன்றும் எங்கள் எல்லைக்குள் வருவதால் இரண்டையுமே எண்ண வேண்டியிருக்கிறது.

சில முறைகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கினோம். 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு புட்டி முறை குடிநீருக்கு அருமையானது. மலக்கலப்பு இருந்தால் நீர் கறுத்துவிடும், ஆய்வகமே தேவையில்லை. ஆனால் அது 'உண்டு, இல்லை' என்று மட்டுமே சொல்லும். நகரத்து ஆற்றில் அந்தப் புட்டி எந்நாளும் கறுக்கத்தான் போகிறது. நீரைப் பல குழாய்களில் இட்டு எத்தனையில் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் பல குழாய் நொதித்தல் முறை கலங்கல் நீரையும் தாங்கும், நூற்றாண்டுப் பழக்கமும் உடையது. எனினும் உறுதிப்படுத்தும் கட்டத்தையும் சேர்த்தால் இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகும். பதினைந்து குழாய்களைக் கொண்டு சொல்லப்படும் எண்ணின் உண்மை மதிப்போ ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம், மூன்று மடங்காகவும் இருக்கலாம். எனவே களத்தில் எஞ்சியவை இரண்டே.

சவ்வு முறையை முதலில் பார்ப்போம். 0.45 மைக்ரான் துளைகள் கொண்ட வட்டச் சவ்வின் வழியே நீரை உறிஞ்சி, நுண்ணுயிரிகள் தங்கிய அந்தச் சவ்வை ஊட்ட ஊடகத்தின் மேல் பரப்பி, 35 டிகிரியில் இரண்டு மணி நேரமும் பிறகு 44.5 டிகிரியில் ஏறத்தாழ 22 மணி நேரமும் வைத்தால் ஈ.கோலை காலனிகள் (கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள்) செம்மை கலந்த ஊதா நிறத்தில் எழும். இதன் பெரிய நன்மை, கண்ணால் கண்டு எண்ணுகிறோம் என்பது. ஐயம் எழுந்தால் அந்தக் காலனியைக் கம்பியில் தொட்டு எடுத்து மேற்கொண்டு சோதிக்கலாம். பொருட்செலவும் குறைவு, சவ்வும் ஊடகமும் பல உற்பத்தியாளர்களிடமிருந்து கிடைப்பதால் யாரிடமும் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

குழித்தட்டு முறையில், 100 மி.லி. நீரில் ஒரு பொடியைக் கரைத்து, 49 பெரிய குழிகளும் 48 சிறிய குழிகளும் கொண்ட நெகிழித் தட்டில் ஊற்றி, வெப்ப இயந்திரத்தால் மூடி, 35 டிகிரியில் ஒரு நாள் வைக்கிறோம். கோலிஃபார்ம் வகை (ஈ.கோலையும் அடங்கிய பாக்டீரியாக் குழு) இருக்கும் குழி மஞ்சளாகும், அவற்றில் ஈ.கோலை இருப்பது 365 நானோமீட்டர் புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். எத்தனை பெரிய குழி, எத்தனை சிறிய குழி ஒளிர்ந்தன என்று எண்ணி அட்டவணையைப் பார்த்தால் மிக நிகழ்தகு எண், அதாவது நீரில் இருக்க மிகுந்த வாய்ப்புள்ள எண்ணிக்கை, கிடைக்கிறது. என்டெரோகாக்கஸுக்கு வேறு பொடி, 41 டிகிரி. மற்றபடி வேலை ஒன்றே.

தெளிந்த வானிலையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே விடையைத் தந்தன. அப்படிப்பட்ட நாட்களை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் மலிவான சவ்வு முறையிலேயே நின்றிருப்போம். எங்களை மாற்றியது மழைக்கு மறுநாள்.

காரணம் இதுதான். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் 100 மி.லி.க்கு ஈ.கோலை பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை இருப்பது சாதாரணம். வறண்ட காலத்தில் குழாய்களுக்குள் அடங்கியிருக்கும் அந்த நீர், மழையில் சாக்கடையும் மழைநீர்க் கால்வாயும் ஒன்றாகப் பொங்கும்போது ஆற்றுக்குள் வந்துவிடுகிறது. ஒரு கோடி இருக்கும் கழிவுநீர் பத்தாயிரம் மடங்கு நீர்த்துப்போன பின்பும் 100 மி.லி.யில் ஆயிரம் மிஞ்சும். ஆகவே சென்ற வாரம் 40 காட்டிய அதே படித்துறை இந்த வாரம் 12,000 காட்டலாம். நீர் எடுக்கும்போது இரண்டில் எது என்று தெரியாது. கலங்கலைப் பார்த்து ஊகிக்கலாம், அந்த ஊகம் அடிக்கடி தவறும்.

சவ்வில் நம்பகமாக எண்ணத்தக்கது 20 முதல் 80 காலனி வரை. நான்கு மடங்கு அகலமுள்ள ஒரு சன்னல், அவ்வளவுதான். அந்தச் சன்னலின் கீழ் விளிம்பிலும் உறுதி பெரிதாக இல்லை: 20 காலனி எண்ணினால், வெறும் தற்செயல் வேறுபாட்டினாலேயே உண்மை மதிப்பு 12 முதல் 31 வரை எங்கேயும் இருக்கலாம். 40லிருந்து 12,000 வரையிலான வீச்சைப் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு மாதிரியையும் 100, 10, 1, 0.1 மி.லி. என நான்கு அளவுகளில் வடிகட்ட வேண்டும். பன்னிரண்டு இடங்களுக்கு 48 தட்டுகள். அதற்குள் வண்டல் சேர்ந்து சவ்வு அடைத்துக்கொள்ளும். அடைக்காத சவ்விலும் மண்துகள்களின் மேல் காலனிகள் ஒன்றோடொன்று கூடி வழியும். நாங்கள் செய்ததை ஒப்புக்கொள்கிறேன்: ஆள் குறைவென்று இரண்டு அளவுகளோடு நிறுத்திக்கொண்டோம், மழை நாட்களில் பதிவேட்டில் 'எண்ண இயலவில்லை' என்று எழுதினோம், மாதச் சராசரி போடும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிச் சென்றோம்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். ஐந்து வாரங்களில் ஓரிடத்தின் உண்மையான ஈ.கோலை எண்ணிக்கை 60, 80, 40, 90, 12,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தையும் சேர்த்துப் பெருக்குச் சராசரி கண்டால் 183. நீர் 126 என்ற வரம்பை மீறியது. கடைசி வாரத்தை 'எண்ண இயலவில்லை' என்று விட்டுவிட்டால் சராசரி 64, நீர் தேறிவிட்டது. 'நீங்கள் விதியைப் பின்பற்றவில்லை, 100 மி.லி. சவ்வில் நெருக்கமாக இருந்தால் 200க்கு மேல் என்று பதிய வேண்டும்' என்று ஓர் அனுபவசாலி சொல்வார். சொல்வது சரி. அப்படிப் பதிந்து 200ஐயே கணக்கில் போட்டாலும் சராசரி 81தான் வருகிறது. அப்போதும் நீர் தேறிவிடும். அதே நீரை நீர்க்காமல் குழித்தட்டில் ஊற்றியிருந்தால் எல்லாக் குழிகளும் ஒளிர்ந்து, தட்டின் உச்சமான 2,419.6க்கு மேல் என்ற விடை வந்திருக்கும். அந்தக் கீழெல்லையை மட்டும் போட்டாலே சராசரி 133, மீறல் தெரிந்துவிடுகிறது. பத்து மடங்கு நீர்த்த இன்னொரு தட்டையும் வைத்தால் உச்சம் 24,196க்கு உயர்வதால் 12,000ஐ ஏறக்குறைய அப்படியே படித்துவிடலாம். ஓரிடத்துக்கு இரண்டு தட்டுகளில் ஒன்றிலிருந்து இருபத்து நாலாயிரம் வரை எட்ட முடிகிறது. கலங்கல் எதையும் அடைப்பதில்லை, ஏனென்றால் எதுவும் வடிகட்டப்படுவதில்லை.

எங்கள் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, வெற்றுக் கட்டங்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில் குவிந்திருந்தன. நீர் மிக மோசமாக இருந்த நாட்களே கணக்கிலிருந்து விழுந்திருந்தன. கருவியில் கோளாறு இல்லை, கையில் தவறு இல்லை. முறைக்கும் வேலைச் சுமைக்கும் இடையில் அது நடந்துவிட்டது. இதைப் பார்த்த பின் எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவ்வு முறையின் 44.5 டிகிரிக்கு மேலும் கீழும் 0.2 டிகிரிக்குள் நிற்க வேண்டும்; இந்தக் கட்டுப்பாட்டை வெந்நீர்த் தொட்டியால்தான் காக்க முடிகிறது, தொட்டியை ஒருவர் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ஊடகம் காய்ச்சுதல், ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமிநீக்குதல், புனல் கழுவுதல் எல்லாம் தனி. தட்டு முறைக்கு அரை டிகிரி தளர்ச்சி போதும். புதிதாக வந்த ஒருவருக்கு அதை ஒரே நாளில் கற்றுத்தர முடிந்தது. காலனியின் நிறத்தைச் சரியாகப் பிரித்தறிய அதே நபருக்கு இரண்டு மாதம் ஆனது.

குழித்தட்டின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. பொருட்செலவு கூடுதல், ஒவ்வொரு வாரமும் ஒரு மூட்டை நெகிழி குப்பையாகிறது, மூடும் இயந்திரம் பழுதானால் அன்றைய வேலை நின்றுவிடும், பொடிக்குக் காலாவதித் தேதி உண்டு. கடல்நீரை நேரடியாக ஊற்றக்கூடாது; விப்ரியோ போன்ற கடல்வாழ் பாக்டீரியாக்களும் உப்பும் விடையைக் குழப்பும் என்பதால் குறைந்தது பத்து மடங்கு கிருமிநீக்கிய நீரால் நீர்க்க வேண்டும். அப்போது 10க்குக் கீழ் உள்ளதைக் காண முடியாது. இலைச்சாறு ஊறிப் பழுப்பேறிய ஓடையில் மஞ்சளை மஞ்சள் என்று சொல்வதும் கடினம். ஒப்பீட்டுப் புட்டியை அருகில் வைத்தே முடிவு செய்கிறோம். ஈ.கோலையின் ஓ157:எச்7 வகை பொதுவாக இந்த ஒளிர்வைத் தருவதில்லை. மலக்கலப்புக்கு அறிகுறி தேடுபவருக்கு அது பெரிய இழப்பன்று; நோய்ப்பரவலை ஆராய்பவருக்கு இழப்புதான். இன்னொன்று: ஈ.கோலை எல்லாம் நேற்றைய சாக்கடையிலிருந்துதான் வந்தது என்று இரண்டு முறைகளாலும் சொல்ல முடியாது. வெப்பமண்டல மண்ணிலும் மணலிலும் அது தங்கிப் பெருகும். ஹவாயில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவைத் துணைச் சுட்டியாகப் பயன்படுத்துவது இதனால்தான்.

இரண்டுக்கும் பொதுவான பெருங்குறை காலம். விடை வருவதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. நாம் அறிவது நேற்றைய நீரை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூலை 30 அன்று நடக்கவிருந்த ஆண்கள் டிரையத்லான் போட்டி சேன் நதியின் நீர்த்தரத்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போனபோது, ஒரு நாள் பழைய மாதிரியை வைத்து இன்று யாரை நீந்த விடுவது என்ற சிக்கலை உலகமே பார்த்தது. இங்கேதான் கியூபிசிஆர் நுழைகிறது. மரபணுத் துணுக்கை நேரடியாகப் பெருக்கி அளப்பதால் மூன்று நான்கு மணி நேரத்தில் விடை கிடைக்கும். அமெரிக்காவின் சான் டியாகோ மாவட்டம் 2022 முதல் கடற்கரை எச்சரிக்கைகளுக்கு இதன் உடன்பிறப்பான துளிவகை டிஜிட்டல் பிசிஆரைப் பயன்படுத்துகிறது. மனிதக் குடல் பாக்டீரியாவின் மரபணு அடையாளமான எச்எஃப்183ஐத் தேடினால் மலம் மனிதனுடையதா இல்லையா என்றும் ஓரளவு பிரிக்கலாம்.

இந்த முறையை நாங்கள் சொந்தமாக இயக்கியதில்லை. சில மாதிரிகளை வெளியே அனுப்பி விடை பெற்றிருக்கிறோம், அவ்வளவே. ஆகவே இதில் என் கருத்தைக் குறைத்தே எடைபோடுங்கள். செத்த கிருமியின் மரபணுவையும் அது எண்ணும் என்பதால், குளோரின் இட்ட சுத்திகரிப்பு நிலைய நீர் கலக்கும் இடத்தில் எண் பெரிதாகத் தோன்றக்கூடும். மட்கிய இலைகளிலிருந்து வரும் அமிலங்கள் வினையையே தடுத்து எண்ணைச் சிறிதாகவும் காட்டக்கூடும். காலையில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டிய பொறுப்பில் நான் இருந்திருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். எங்கள் வேலை எந்தக் குழாய் ஆண்டு முழுவதும் கசிகிறது என்று காட்டுவது. அதற்கு ஒரு நாள் தாமதம் தடையில்லை.

கழிவுநீர் காட்டும், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைப் போன்ற ஒளிர்வை 280 நானோமீட்டரில் தூண்டி 350 அருகே படிக்கும் உணரிகளை நீரிலேயே இறக்கி வைக்கலாம். கசிவின் போக்கை நொடிக்கு நொடி காட்ட அவை உதவும். கடல்நீரில் சில நாட்களிலேயே கண்ணாடிச் சன்னலில் பாசி படிந்தது. வெப்பமும் கலங்கலும் அளவை நகர்த்தின. எண்ணிக்கைக்கு மாற்றாக அதை நான் நம்ப மாட்டேன்.

மாற விரும்புவோர் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒட்டிப் படிக்க வேண்டுமானால் வறண்ட காலத்தில் மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாமல் குறைந்தது சில மழை நாட்களிலாவது இரண்டையும் சேர்த்து நடத்துங்கள். எந்த முறையானாலும் மாதிரியை இருளில் குளிர்வித்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்ப்பதும், எப்போதும் ஒரே வேளையில் எடுப்பதும் மாறக்கூடாது. உச்சிவெயில் பட்ட நீரில் எண்ணிக்கை விடியற்காலையை விடக் குறைந்தே இருக்கும்.

வடிகட்டும் புனல்களை நாங்கள் தூக்கிப் போடவில்லை. குழித்தட்டு ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும் இடத்தில் மறுமுறை நீர் எடுக்கும்போது, அடைக்கும் வரை ஒரு சவ்வில் வடிகட்டி, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து, இடமும் நாளும் எழுதி அடுக்கி வைக்கிறோம். எண்ணும்போது தொல்லையாக இருந்த அந்த அடைப்பு இங்கே தடையில்லை. சவ்வின் மேல் எவ்வளவு மரபணு சேர்கிறதோ அவ்வளவும் எச்எஃப்183 தேட உதவும். இப்போது அந்தப் பெட்டியில் முப்பத்தோரு சவ்வுகள் காத்திருக்கின்றன.