பிரேக் காலிப்பர் ரிப்பேர் கிட்: பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா?

முன் வலது சக்கரத்தில் உள்பக்க பிரேக் பேடின் தடிமன் 3 மி.மீ., வெளிப்பக்க பேட் 8 மி.மீ. இடது சக்கரத்தில் இரண்டுமே 7 மி.மீ. பக்கம். என் ஸ்போர்ட்ஸ் காரில் இதை அளந்தபோது கோபம்தான் வந்தது, ஏனென்றால் போன வருஷம் இதே புகாருக்குத்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் சக்கரம் இரண்டுக்கும் புது பேட் போட்டார்கள். ஏன் தேய்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

இந்த முறை நானே கழற்றினேன். வாங்கியது முன் காலிப்பருக்கான (பேட்களை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) ரிப்பேர் கிட்: பிஸ்டன் சீல், பிஸ்டனைத் தூசியிலிருந்து காக்கும் ரப்பர் உறையான டஸ்ட் பூட், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னுக்கான ரப்பர் பூட்கள், ஒரு சின்ன பாக்கெட் சிலிக்கான் கிரீஸ்.

இது உங்களுக்குத் தேவையா என்பதை முதலில் பாருங்கள். ஃப்ளோட்டிங் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள் பேடைத் தள்ளும்போது காலிப்பர் உடம்பே பின்களின் மேல் நகர்ந்து வெளி பேடை டிஸ்க் மேல் இழுக்கிறது. பின் இறுகிவிட்டால் உடம்பு நகராது, மொத்த வேலையும் உள் பேட் தலையில் விழும். பிஸ்டன் பின்வாங்காமல் நின்றாலும் உள் பேடுதான் முதலில் தேயும். போர்ஷே 911-இல் இருப்பது போன்ற, உடம்பு நகராத ஃபிக்ஸட் காலிப்பரில் ஸ்லைடு பின்னே கிடையாது, அங்கே பிஸ்டன்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நான் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினேன், இறுக்கமாக இருந்தது. ப்ளீடர் நிப்பிளை (காலிப்பரிலிருந்து பிரேக் ஃப்ளூயிட்டை வெளியே விடும் சின்னத் திருகு) கொஞ்சம் திறந்தேன். அப்போது சக்கரம் சட்டென்று லேசானால் உள்ளே பிரஷர் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம், காலிப்பருக்கு ஃப்ளூயிட் கொண்டுவரும் பிரேக் ஹோஸைச் சந்தேகிக்கலாம், இந்தக் கிட் உதவாது. எனக்கு லேசாகவில்லை. அப்புறம் பின்களை உருவினேன்: ஒன்று விரலுக்கே வந்தது, இன்னொன்றை ஸ்பேனர் போட்டுத் திருக வேண்டியிருந்தது, முழுக்கத் துரு. டஸ்ட் பூட்டும் கிழிந்திருந்தது.

கிட் நல்ல தரம். சீல் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார்ந்தது, இது முக்கியம், ஏனென்றால் பெடலை விட்டதும் பிஸ்டனைச் சிறிது பின்னால் இழுப்பதே அந்தச் சீலின் மீள்தன்மைதான். புது பிரேக் ஃப்ளூயிட் தடவியே மாட்டினேன். பூட்களும் கச்சிதம்.

குறைகளும் உண்டு. கிரீஸ் ஒரு காலிப்பருக்கே போதவில்லை. அதற்காகச் சாதாரண பேரிங் கிரீஸை வைத்துவிடாதீர்கள், ரப்பர் உப்பிப் பின் மறுபடி சிக்கும். ஹோஸைக் கழற்றினால் புதிதாகப் போட வேண்டிய காப்பர் வாஷர் உள்ளே இல்லை, தனியாக வாங்கினேன். எந்தப் பின் மேலே, எது கீழே என்று ஒரு படமாவது கொடுத்திருக்கலாம், சில காலிப்பர்களில் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. பிஸ்டனும் கிட்டில் வராது, அதன் மேல் துருக்குழி இருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை, என்னுடையது நல்லவேளையாகச் சுத்தமாக இருந்தது.

பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. புது பேட் போட்டு 4,000 கி.மீ. ஓட்டிய பிறகு அளந்தேன், உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் அரை மி.மீ. கூட இல்லை. இடது பக்கத்துக்கும் இதே கிட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.