நிதி திரட்டும் விருந்துக்கு போட்டோகிராபர் பிடிக்கும் அறக்கட்டளைகள் கவனத்துக்கு

குழந்தைகள் இல்லத்துக்காக சென்னையில் நடத்திய விருந்தில், படமெடுத்த நிறுவனத்தால் எங்கள் அறக்கட்டளை பட்ட பாடு இது. பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்பவர்கள் நிறையப் பேர்.

மாதிரிக்குக் காட்டிய ஆல்பம் ஒருவருடையது, கேமராவோடு வந்தவர் வேறொருவர். கல்யாண வேலை பழகிய கை. மேடையை விட்டு நகரவில்லை, நன்கொடையாளர்களின் மேசைப் பக்கமே போகவில்லை. ஸ்பான்சர் லோகோ ஓடிய எல்இடி திரையில் படத்துக்குப் படம் கறுப்புப் பட்டை. அந்தத் திரை நொடிக்குப் பலமுறை அணைந்து எரிவது. ஷட்டர் வேகத்தை ஏற்றினால் அணைந்த நேரம் பட்டையாக விழும். ஷட்டரை 1/100 நொடிக்கோ அதைவிட மெதுவாகவோ இறக்கி, விருந்தினர் வருமுன் நாலு படம் எடுத்துப் பார்த்திருந்தால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். பேச்சு நேரத்தில் ஊதா விளக்கை அணைக்கவும் சொல்லவில்லை. முகத்தில் ஏறிய ஊதா எடிட்டிங்கில் முழுதாகப் போகாது.

படங்கள் வந்தது வாட்ஸ்அப்பில். அதன் சாதாரணத் தரத்தில் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சல்தான். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் ஐந்து அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், ஆண்டறிக்கை அட்டைக்கு ஆகாது. முழு ஃபைல் கேட்டால், "காப்பிரைட் எங்களுடையது, தனியாகப் பணம் கட்டுங்கள்" என்றார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்த 'மாறான ஒப்பந்தம்' கொட்டேஷன் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தைத் தங்கள் இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போட்டதைப் பொறுக்க முடியாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளைப் பின்னாலிருந்து, கைகளை, அவர்கள் வரைந்த படங்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நிறுவனம் எதையும் தானாக வெளியிடக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எடுக்கப்போகிறவர் பெயர், கேமராவில் இரண்டு மெமரி கார்டிலும் ஒரேசமயம் பதிவாக வேண்டும் என்பது, முழு ஃபைல் தரும் தேதி மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நன்கொடையாளர் முகம் தெரிந்த அலுவலக ஆள் ஒருவரை மாலை முழுக்க போட்டோகிராபர் கூடவே விடுங்கள். பாக்கிப் பணம், ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் செருகி, ஃபைல்களைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான்.