பாதரச நஞ்சைக் கண்டறிந்த சுங்கை சிப்புட் கிளினிக்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைவரிசையில் உள்ள இந்தச் சிறிய கிளினிக்கிற்கு அக்காவை அழைத்துச் சென்றபோது, அவருக்குக் கைநடுக்கம் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம், பொழுது சாய்ந்தால் கால்வீக்கம். முன்பு பார்த்த வேறொரு மருத்துவர் மன உளைச்சல் என்று கூறித் தூக்கமாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

இங்குள்ள மருத்துவர் ஒரு தாளை நீட்டி, நத்தைக்கூடு போலச் சுழித்து வரையச் சொன்னார். கோடு ரம்பப்பல் போல வந்தது. சிறுநீரில் புரதம் மிகுதியாகப் போவதும் தெரிந்தவுடன், "செந்தூரம் போன்ற சித்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, முகத்துக்கு என்னம்மா பூசுகிறீர்கள்?" என்று கேட்டார். நான்கு மாதங்களாக யாரும் கேட்காத கேள்வி அது. இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்பழகு கிரீம் டப்பாவை மறுநாள் கொண்டுபோனோம். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரமே இல்லை; தங்க, வெள்ளி நகைகளில் படக்கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் இருந்தது. பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும் என்பதால், கிரீமில் பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகிக்க அந்த ஒரு வரியே போதும் என்றார் மருத்துவர். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவான அழகுசாதனப் பொருட்களின் இணையப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை.

மீன் சாப்பிடுவதாலும் இரத்தத்தில் பாதரசம் கூடும் என்பதால், கிரீம் வழியாக ஏறிய பாதரசத்தை அறிய 24 மணிநேரச் சிறுநீரே ஏற்றது என்று அவர் பொறுமையாக விளக்கினார். சாதாரணமாக லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய அளவு, அக்காவுக்குப் பல மடங்கு இருந்தது. கிரீமை உடனே நிறுத்தச் சொல்லி, ஈப்போவில் சிறுநீரக நிபுணரைப் பார்க்கக் கடிதம் எழுதித் தந்தார். துண்டு, தலையணை உறை வழியாகப் பிள்ளைகளுக்கும் பரவியிருக்கலாம் என்று அவர்களுடைய சிறுநீரையும் சோதிக்கச் சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

குறைகளும் உண்டு. இரண்டு மணிநேரம் காத்திருந்தோம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதன் பிறகே சேகரிக்கத் தொடங்க வேண்டும் என்பதை முகப்பில் இருந்த பெண் சொல்லாமல் விட்டதால் ஒரு நாள் வீணானது. ஆய்வகக் கட்டணத்தையும் முன்கூட்டியே தெரிவித்திருக்கலாம்.

இங்குப் போகிறவர்கள் வீட்டில் பூசுவது, விழுங்குவது அனைத்தையும் டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள். அவர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் படித்துப் பார்ப்பார்.