பன்னிரண்டு பெட், ஒரு சிஸ்டர்

பங்குனியில் ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் பண்டிகைக்கென்று லீட்ஸிலிருந்து லீவு போட்டு வந்தேன். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனதைவிட ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு நடந்ததுதான் அதிகம். அப்பாவுக்கு நிமோனியா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், பொது வார்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன அரை மணி நேரத்தில் எக்ஸ்ரே, மதியத்துக்குள் ரத்தப் பரிசோதனை முடிவு போனுக்கே வந்துவிட்டது. டாக்டர் காலையும் பொழுதோடவும் வந்து பார்த்தார். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நான் அங்கே வார்டு நர்ஸ். அதனால் கண் சேர்ட்டுக்குத்தான் போனது. மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை 20, 20, 20. எட்டிப் பார்த்தேன்; பக்கத்து பெட்டுக்கும் 20. முதல் நாள் ராத்திரி அப்பாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினேன். 28. பல்ஸ் 112, ஆக்சிஜன் 93. நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க நாங்கள் அங்கே பயன்படுத்தும் நியூஸ்-2 கணக்கில் இதற்கு 3, 2, 2 என்று மொத்தம் 7 மதிப்பெண். ஏழு வந்தாலே அவசரம். டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஆளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

சிஸ்டரிடம் சொன்னதும் ஓடி வந்தார், டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார், ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பன்னிரண்டு பெட்டுக்கு அவர் ஒருத்தர், கூட ஒரு பயிற்சி மாணவி. நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகப்போகிற ஏழாம் பெட் குடலிறக்கக்காரர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பத்து மணிக்கும் ஆறு மணிக்கும்தான் பிபி, மூச்சுத் திணறுகிற அப்பாவுக்கும் அதே இரண்டு வேளைதான்.

இங்கிலாந்திலும் இத்தனை பேருக்கு இத்தனை நர்ஸ் என்று சட்டம் கிடையாது. பகலில் ஒரு நர்ஸுக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்று 2014 வழிகாட்டுதல் எச்சரித்ததோடு சரி. கலிஃபோர்னியாவில் 2004 முதல் விகிதமே சட்டமாக இருக்கிறது. ஆனால் எங்கள் வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நிலை போட்டு, அதை வைத்து ஆள் தேவையைக் கணக்குப் பார்ப்போம். அதில் நோய் முற்றியவருக்கு ஒரு நிலை. நோய் அடங்கியும் எல்லாவற்றுக்கும் பிறர் கை வேண்டியவருக்குத் தனி நிலை. இந்த இரண்டாவதுதான் பலருக்குப் புரியாது.

ஒன்பதாம் பெட்டைச் சொல்கிறேன். அந்தியூர்ப் பக்கத்துப் பெரியவர், பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பல்ஸ், பிபி, காய்ச்சல் எல்லாம் சரி; நியூஸ் மதிப்பெண் சுழியம். ஆனால் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டு ஆள் யார்? அவர் சம்சாரமும் நானும். "தம்பி, சித்த இந்தப் பக்கம் புடிங்க" என்று ராத்திரி மூன்று மணிக்கு எழுப்புவார். நம் ஊரில் பாதி நர்சிங்கை ஒரம்பரைதான், அதாவது சொந்தபந்தம்தான் பார்க்கிறது. அந்த வேலை எந்த ரிஜிஸ்டரிலும் ஏறுவதில்லை, அதனால் ஆள் பற்றவில்லை என்பதும் தெரிவதில்லை.

மூன்றாம் நாள் காலை டியூட்டி மாறும்போது இன்சார்ஜ் சிஸ்டர் மருந்து அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் பெட் எண்களைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். "நாலையும் ஒம்பதையும் ஒருத்திக்கே போட்டறாதீங்க." நாலு என்பது அப்பா. பகலில் மூன்று சிஸ்டர், ஆளுக்கு நாலு பெட்; அப்பாவும் ஒன்பதாம் பெட்டும் வெவ்வேறு ஆளிடம். இதற்கு ஃபாரம் ஏதும் உண்டா என்று கேட்டேன். "ஃபாரம் எதுக்குங் தம்பி? ஒரு சுத்து நடந்து வந்தாத் தெரியாதுங்களா?" என்றார்.

அவருக்குத் தெரிகிறது. ராத்திரிக்கு ஆள் போடுகிற ஆபீஸில்தான் பெட் எண்ணிக்கை மட்டும் தெரிகிறது.

ஐந்தாம் நாள் பில் வந்தது. நர்சிங் சார்ஜ் நாளொன்றுக்கு ஒரே தொகை. குடலிறக்கக்காரர் கட்டியதும் அதேதான். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது ஒன்பதாம் பெட் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன்.

"போயிட்டு வாங்க சாமி. நாலுக்குப் புதுசா ஆரு வாராங்கன்னு பாத்துக் கேட்டுக்கறனுங்" என்றார்.