முதல் வாரம் அதிகமாகப் பார்த்துவிட்டேனாம், கடைசியில் குறைவாகப் பார்த்தேனாம்

‘வேலை கிடைக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ்’ என்று விளம்பரம் செய்யும் ஆன்லைன் கோர்ஸில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

பெருந்துறை சிப்காட்டில் ஒரு மில் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். டேட்டா அனலிட்டிக்ஸ் (தகவல்களை அலசிப் பார்க்கும் வேலை) தெரிந்தால் கொஞ்சம் நல்ல சம்பளத்துக்கு மாறலாம் என்று எட்டு மாதக் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தேன். கட்டணம் 64,000 ரூபாய். கையில் அவ்வளவு இல்லை என்றதும் அவர்களே ஒரு கடன் நிறுவனத்தில் ஈஎம்ஐ போட்டுக் கொடுத்தார்கள். ஆதார், ஓடிபி, ஒரு செல்ஃபி, பத்து நிமிடம். கடன் வாங்குகிறோம் என்ற பயமே வரவில்லை.

நேரடி வகுப்பு என்றார்கள். பெரும்பாலும் பழைய ரெக்கார்டிங். ஐந்தாம் நாளே ரத்து செய்யச் சொல்லி போன் போட்டேன். “ஏழு நாளுக்குள்ள கேட்டா கொடுப்போம் மேடம், ஆனா பத்து சதவீதத்துக்கு மேல பார்த்திருக்கக் கூடாது. நீங்க 14 சதவீதம் பார்த்திருக்கீங்க.” எப்படி என்று யோசித்தால், முதல் நாள் சாயங்காலம் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். அது முடிந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது என்று தானாக ஓடியிருக்கிறது. நான் சாம்பார் வைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் ‘படிப்பு’க் கணக்கில் ஏறிவிட்டது.

சரி, கட்டிய பணத்துக்காவது ஒழுங்காகப் படிப்போம் என்று இறங்கினேன். ஈரோட்டிலிருந்து பெருந்துறைக்குப் பேருந்தில் போகும்போது சிக்னல் வந்து வந்து போகும். அதனால் பாடங்களை அவர்களுடைய ஆப்பிலேயே டவுன்லோட் செய்து வைத்துப் பார்ப்பேன். இரவில் மகன் தூங்கிய பிறகு லேப்டாப்பில் 1.5 வேகத்தில் ஓட விடுவேன். வினாத்தேர்வுகளில் சராசரி 88. பிராஜெக்ட் மூன்றும் கொடுத்தேன். ஆனால் நம் முன்னேற்றத்தைக் காட்டும் டாஷ்போர்டில் ‘என்கேஜ்மென்ட் ஸ்கோர்’, அதாவது எவ்வளவு ஈடுபாட்டோடு படிக்கிறோம் என்று அவர்கள் போடும் மதிப்பெண், என்று ஒரு வட்டம் மட்டும் மஞ்சளிலேயே நின்றது: 58. கோர்ஸ் நிறுவனத்தில் எனக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைக் கேட்டால், “அது சும்மா ஒரு இண்டிகேட்டர் மேடம், கண்டுக்காதீங்க” என்றார். அதை மெயிலில் எழுதி வாங்காதது என் முட்டாள்தனம்.

கோர்ஸ் முடிந்து ஆறு மாதம் ஆகியும் வேலை வரவில்லை. அவர்கள் அனுப்பிய இரண்டு இன்டர்வியூவில் ஒன்று இன்ஷூரன்ஸ் விற்கும் வேலை. பணத்தைக் கேட்டேன். என்கேஜ்மென்ட் ஸ்கோர் 85-க்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு மட்டுமே ரீஃபண்ட், உங்களுடையது 61 என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தின் 11-வது பிரிவில் பொடி எழுத்தில் அது இருக்கத்தான் செய்கிறது.

அந்த 61 எப்படி வந்தது என்று பார்க்க நான் எப்போது எதைப் பார்த்தேன் என்ற பதிவை, அதாவது என் லாக் முழுவதையும் கேட்டேன். மூன்று மெயிலுக்குப் பிறகு எக்செல் ஒன்று வந்தது, நாலாயிரம் வரிக்கு மேல். எக்செலில் தகவலைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளை, அவர்கள் சொல்லிக்கொடுத்ததை வைத்தே அவர்கள் கணக்கைப் பிரித்தேன். கோர்ஸில் எனக்குக் கிடைத்த உருப்படியான பலன் அது ஒன்றுதான்.

வீடியோ ஓடும்போது பிளேயர் சில விநாடிக்கு ஒருமுறை ‘இன்னும் ஓடுகிறது’ என்று சர்வருக்குத் தகவல் அனுப்பும். அந்தத் தகவல்களை எண்ணித்தான் நேரம் போடுகிறார்கள். எதிரே ஆள் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. நெட் இல்லாதபோது பார்த்ததைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும்படி ஆப்பைச் செய்ய முடியும். இவர்கள் செய்யவில்லை. பேருந்தில் பார்த்த பாடத்துக்கு லாக்கில் ஒரு வரி கூட இல்லை. வேகத்தின் கதை இன்னும் மோசம். 60 நிமிட வீடியோவை 1.5 வேகத்தில் பார்த்தால் 40 நிமிடத்தில் முடியும். அவர்கள் கடிகார நேரத்தை எண்ணி, 60-க்கு 40, அதாவது 67 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். எல்லாப் பாடத்தையும் ஒரு நொடி விடாமல் பார்த்திருந்தாலும் அந்த வேகத்தில் வீடியோ கணக்கு 85-ஐத் தொடாது. வேகத்தைக் கூட்டும் பட்டனை வைத்தவர்களும் அவர்களேதான். தேர்வு மதிப்பெண்ணுக்கு ஸ்கோரில் வெறும் பத்து சதவீத இடம்.

எங்கள் பேட்சில் ஒரு பையன் சத்தத்தை நிறுத்திவிட்டு இரவு முழுக்க வீடியோவை ஓட விட்டுத் தூங்குவான். அவனே சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு 96.

இப்படி அளப்பது புதிதொன்றும் இல்லை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 வாக்கிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு காட்டும் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பின்தங்கும் மாணவரை ஆசிரியர் முன்கூட்டியே கண்டுபிடித்து உதவத்தான் அது. ஜூமில் கூட, திரையில் வேறு ஜன்னலுக்குப் போனால் வகுப்பு எடுப்பவருக்குக் காட்டிக்கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது. எதிர்ப்பு வந்ததும் 2020 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு மஞ்சள் விளக்கு எட்டு மாதம் எரிந்தது, உதவிக்கு ஒரு போன் வரவில்லை. பணம் கேட்டபோது மட்டும்தான் எண்ணை எடுத்து நீட்டினார்கள்: முதல் வாரம் பார்த்த சதவீதத்தை, கடைசியில் இந்த ஸ்கோரை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். அதன் பிறகு கோர்ஸ் நிறுவனத்தார் 15,000 ரூபாய் தருகிறோம், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போடவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. நாம் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கடன் தனிக் கதை. டிஜிட்டல் கடனிலிருந்து அபராதம் இல்லாமல் வெளியேற ரிசர்வ் வங்கி விதியில் சிறிது அவகாசம் உண்டு. ஆனால் அசலைத் திருப்பிக் கட்ட வேண்டும், அது நேராகக் கோர்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கும். அவர்கள் தராவிட்டால் நாம்தான் கட்டவேண்டும். தானியங்கிப் பணப்பிடித்தத்துக்குச் சம்மதிக்காதீர்கள், நிபந்தனைகளைப் படியுங்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே எட்டெக் (ஆன்லைனில் பாடம் விற்கும்) நிறுவனங்களைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

சேரும் முன் ஸ்கோரை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று மெயிலில் கேளுங்கள்: டவுன்லோட் செய்து பார்த்தால் சேருமா, வேகம் கூட்டினால் குறையுமா, தேர்வுக்கு எவ்வளவு. பதில் போனில் மட்டும் வந்தால் சேராதீர்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை லாக்கை வாங்கி வையுங்கள். டாஷ்போர்டை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் தெரிய வேண்டும். ரீஃபண்ட் மறுப்பு மெயில் வந்த ஒன்பதாம் நாள் என் லாகினை மூடிவிட்டார்கள். எக்செல் அதற்கு முதல் நாள்தான் வந்திருந்தது.