கிளிநொச்சிக் காணியா, வவுனியா வீடா?

2009இல் போர் முடிந்த பிறகு வவுனியாவில் வாடகைக்கு இருக்கும் என் உறவினர் பலர் கேட்பது இதுதான்: கிளிநொச்சி வட்டக்கச்சியில் ஐயா (அப்பா) விட்டுப்போன காணிக்குத் திரும்புவதா, இங்கேயே இரண்டு பரப்பு வாங்குவதா?

செலவு
ஊர்: காணிக்காசு இல்லை. பற்றை வெட்ட, வேலி அடைக்க, கிணறு இறைக்கக் காசு போகும்.
வவுனியா: காணிக்கே சேமிப்பு கரைந்துவிடும்.

பத்திரம்
ஊர்: அரசு கொடுத்த குடியேற்றக் காணி என்றால் பெரும்பாலும் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப் பெர்மிட்தான் இருக்கும். அனுமதியில்லாமல் விற்க முடியாது. பின்னுரித்து (தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பது) எழுதாமல் ஐயா கண்மூடியிருந்தால் சகோதரங்களுக்குள் இழுபறி. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.
வவுனியா: உறுதிக் காணியாக (சொந்த உரிமைப் பத்திரம் உள்ளதாக) பார்த்து வாங்கலாம்.

தொழில்
ஊர்: வயல். சிறுபோகம் (கோடைகால நெற்செய்கை) இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது.
வவுனியா: சம்பளம், பிள்ளைகளுக்கு டியூஷன்.

மனசு
இதைக் கணக்கில் எழுத முடியாது. என் மச்சாள் போன மாதம் காணி பார்க்கப் போனார். கிணற்றுக்கட்டில், சீமெந்து காயமுன் அண்ணன் ஆணியால் கீறிய பெயரைத் தடவிக்கொண்டே நின்றார். "இங்கதான் நான் ஆரெண்டு தெரியுது" என்றார். பக்கத்தில் நின்ற மகனுக்கு அது பாசி பிடித்த கிணறு. அவனுக்கு ஊர் என்றால் வவுனியாதான்.

கமம் தெரிந்து, பெர்மிட்டும் சரியென்றால் ஊருக்குப் போங்கள். பிள்ளைகள் ஓ.எல்., ஏ.எல். வகுப்பில் என்றால் வவுனியா. மச்சாள் இரண்டுமில்லாமல் வேலியை மட்டும் அடைத்து, நாலு தென்னம்பிள்ளை வைத்திருக்கிறார். எனக்கு அது பிழையாகப் படவில்லை.